திரையை இழுத்த நாய்க்குட்டி

தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தம் வீட்டில் பிள்ளைகளுக்குப் புராணப் படம் எதையும் காட்டுவதில்லையென்றும், ஆனால் தாம் சிறுவயதில் பார்த்து மயங்கிய ஒரு மாயாஜாலப் பாட்டுப்படத்தைக் காட்டலாமா கூடாதா என்று இப்பொழுது ஒரு சந்தேகம் வந்துவிட்டதென்றும், சூனியக்காரியும் பறக்கும் குரங்கும் வருகிற படத்தைக் காட்டிவிட்டு, மறுநாள் மந்திரம் என்பதெல்லாம் பொய் என்று சொன்னால் பிள்ளைகள் எதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்றும் கேட்கிறார். படத்தின் பேர் "விசார்ட் ஆஃப் ஆஸ்". அதாவது ஆஸ் என்னும் நாட்டின் மந்திரவாதி என்பது.

கேள்வி நியாயமான கேள்வி. நாமும் அந்தப் படத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள்தான். டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்துவந்து தெருவோடு உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில், இங்கிலீஷில் ஒரு வார்த்தையும் விளங்காமலேயே, பச்சை முகத்துக்காரியைக் கண்டு பயந்தும் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தும் பார்த்தோம். ஆகவே, பதில் எழுதுமுன் படத்தை ஒரு நண்பர் வீட்டில் அவருடைய எட்டு வயதுப் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை மறுபடியும் பார்த்தோம். சிறுவயதில் நாம் பார்த்தது சூனியக்காரி படம். இப்பொழுது பார்த்தது திரைச்சீலைப் படம்.

படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இது அமெரிக்காவில் ஃபிராங்க் பாம் என்பவர் 1900-ம் வருஷத்தில் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகம். மெட்ரோ கோல்ட்வின் மேயர் என்ற பெரிய சினிமாக் கம்பெனியார் 27 லட்சம் டாலருக்குமேல் செலவு செய்து 1939-ல் இதைப் படமாக வெளியிட்டார்கள். கான்சாஸ் என்னும் வறண்ட சீமையிலே, தாய் தகப்பன் இல்லாமல் அத்தை வீட்டில் வளரும் டாரதி என்ற ஒரு பெண். அவளுக்கு டோட்டோ என்று ஒரு நாய்க்குட்டி. அந்த வட்டாரத்து நிலத்தில் பாதியைக் கட்டி ஆளும் பணக்காரி ஒருத்தியை அந்த நாய் கடித்துவிட்டது என்று, அவள் சர்க்கார் உத்தரவோடு சைக்கிளில் வந்து நாயைக் கொல்லக் கொண்டுபோகிறாள். அந்த இடத்தில் அத்தை சொல்கிற ஒரு பேச்சு, சிறுவயதில் நமக்கு விளங்காதது, இப்பொழுது சுருக்கென்று தைத்தது. பாதி ஜில்லா உன்னுடையதாயிருப்பதனால் மீதிப்பேரை அடக்கி ஆள உனக்கு உரிமை வந்துவிடாது என்று ஆரம்பித்து, உன்னைப்பற்றி என் மனதில் உள்ளதை இத்தனை வருஷமாகச் சொல்லக் காத்திருந்தேன், ஆனால் நான் கிறிஸ்தவ பக்தியுள்ளவளாகப் போய்விட்டதால் சொல்லமுடியவில்லை என்ற கருத்தில் முடிக்கிறாள்! பணக்காரனுக்கு எதிராக ஏழையின் வாயைப் பூட்ட மதம் எவ்வளவு மலிவான பூட்டு என்பதைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? படம் எடுத்தவர்கள் இதைச் சிரிப்புக்காகவே வைத்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நாய் கூடையிலிருந்து தப்பி ஓடிவந்துவிடுகிறது. டாரதி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறாள். வழியில் கூண்டு வண்டியிலே ஒரு ஜோசியர். முக்காலமும் அறிந்தவர் என்று வண்டியில் எழுதியிருக்கிறது. பளிங்குக் குண்டைப் பார்த்துச் சொல்லப்போவதாகச் சொல்லி அவளைக் கண்ணை மூடச் சொல்கிறார். அவள் கண்ணை மூடியவுடன் அவளுடைய கூடையில் கையை விட்டு, அதிலிருந்த அத்தையின் போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டு, உன் வீட்டில் ஒரு அம்மாள் அழுகிறாள், இப்படிப்பட்ட உடுப்பு, இப்படிப்பட்ட முகம் என்று சொல்கிறார். டாரதி பிரமித்துப் போகிறாள். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே ஜோசியத்தின் தொழில் ரகசியம் இவ்வளவு பட்டவர்த்தனமாக, ஒரு குழந்தைக்கும் விளங்கும்படி காட்டப்பட்டுவிட்டது. கண்ணை மூடு என்பதுதான் முதல் உத்தரவு. மற்றதெல்லாம் அதற்கப்புறந்தான். (அவர் சொன்னது பொய்யானாலும் பெண் பிள்ளை பத்திரமாக வீட்டுக்குத் திரும்பட்டும் என்ற நல்லெண்ணத்தில் சொன்னார் என்பதையும் படம் காட்டுகிறது. நம் ஊர் ஜோசியர்களுக்கு அந்த அளவு கருணைகூட இருந்தால் நாம் அவர்களைப் பற்றி இவ்வளவு எழுதவேண்டியிராது.)

பிறகு சுழற்காற்று வந்து வீட்டோடு அவளைத் தூக்கிப்போய் ஆஸ் நாட்டில் போடுகிறது. அதுவரையில் பழுப்பு நிறமாயிருந்த படம், அவள் கதவைத் திறந்ததும் பஞ்சவர்ணமாகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லுவோம். வீடு ஒரு சூனியக்காரியின்மேல் விழுந்து அவள் சாகிறாள். அவளுடைய செந்நிறச் செருப்பு டாரதியின் காலுக்கு வருகிறது. செத்தவளின் தங்கை அதற்காகத் துரத்துகிறாள். ஊருக்குத் திரும்ப வழி கேட்டால், மரகத நகரம் என்ற பட்டணத்தில் ஒரு மகா மந்திரவாதி இருக்கிறார், அவரால் ஆகாதது ஒன்றுமில்லை, போய்க் கேள் என்கிறார்கள். கேட்ட பேரெல்லாம் இதையே சொல்கிறார்கள். அவரை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை!

வழியில் மூளை வேண்டுமென்று ஒரு வைக்கோல் பொம்மையும், இதயம் வேண்டுமென்று ஒரு தகரமனிதனும், தைரியம் வேண்டுமென்று ஒரு கோழைச் சிங்கமும் சேர்ந்துகொள்கிறார்கள். இனிக் கவனியுங்கள். வழி நெடுக யோசனை சொல்வது மூளையில்லாத வைக்கோல் பொம்மை. எதற்கெடுத்தாலும் மனமிளகி அழுது துருப்பிடிப்பது இதயமில்லாத தகரமனிதன். நடுங்கிக்கொண்டே ஆனாலும் சூனியக்காரியின் கோட்டைக்குள் நுழைவது தைரியமில்லாத சிங்கம். தம்மிடம் இருப்பதை இல்லையென்று நம்பி, இல்லாத ஒருவனிடம் போய்ப் பிச்சை கேட்க இவர்கள் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், அப்படி நடக்கிறார்கள். எட்டு வயதுப் பெண் இதைப் பாதிப் படத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "அந்தப் பொம்மைக்குத்தான் மூளை இருக்கே மாமா, எதுக்குப் போய்க் கேக்குது?" என்றாள். கேட்கத்தான் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லும்போது என்ன செய்வது?

மரகத நகரத்துக்குப் போனால், வாசலில் ஒரு காவல்காரன். மந்திரவாதியைப் பார்க்கவேண்டுமென்றால், அவரை யாரும் பார்க்க முடியாது, நானே பார்த்ததில்லை என்கிறான். பார்த்ததில்லையென்றால் இருக்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று டாரதி திருப்பிக் கேட்கிறாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. செருப்பைக் காட்டியவுடன் கதவு திறக்கிறது. உள்ளே சவாரி வண்டிக்காரன் ஒருவன், அரண்மனைக் கதவில் சேவகன் ஒருவன். இவர்கள் மூன்று பேரையும், கடைசியில் மந்திரவாதியையும், முதலில் வந்த ஜோசியரையும் சேர்த்து ஐந்து வேஷத்தையும் ஃபிராங்க் மார்கன் என்ற ஒரே நடிகர்தான் போட்டார். சிறுவயதில் இது நமக்குத் தெரியவில்லை. இப்பொழுது மீசையைத் தாண்டி முகத்தைப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. வாசலில் நின்று அதிசயம் சொல்கிறவனும், வண்டி வைத்து அழைத்துப்போகிறவனும், இப்பொழுது தரிசனம் இல்லை போ என்று விரட்டுகிறவனும், உள்ளே தெய்வமாக உட்கார்ந்திருப்பவனும் ஒரே ஆள் என்றால் அதற்கு வியாக்கியானம் எழுதிக்கொண்டிருக்கவேண்டிய அவசியம் நமது வாசகர்களுக்கு இல்லை.

உள்ளே போனால் பெரிய மண்டபம், நெருப்பு, புகை, இடி. ஆகாயத்தில் ஒரு பெரிய தலை. அது உறுமுகிறது. வரம் கேட்க வந்த குழந்தைகளைப் பார்த்து, அந்தச் சூனியக்காரியின் துடைப்பத்தைக் கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்கிறது. அவளைக் கொல்லாமல் துடைப்பத்தைக் கொண்டுவர முடியாது. போகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொல்லி அனுப்புவது. நிறைவேற்ற முடியாத பிரார்த்தனைக்கு நிறைவேற்ற முடியாத காணிக்கை கேட்பது பழைய யுக்தி. ஆனால் அவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். வைக்கோல் பொம்மைமேல் சூனியக்காரி நெருப்பு வைத்தபோது அதை அணைக்க டாரதி ஒரு வாளித் தண்ணீரை வீசினாள். அது சூனியக்காரிமேலும் பட்டு அவள் கரைந்து போய்விட்டாள். மந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வெறுந் தண்ணீர். துடைப்பத்தோடு வந்து நின்றால் தலை என்ன சொல்கிறது தெரியுமா? இன்று போய் நாளை வா என்கிறது!

அப்பொழுதுதான் அந்த நாய்க்குட்டி ஓடிப்போய் மூலையில் தொங்குகிற பச்சைத் திரைச்சீலையைப் பல்லால் கவ்வி இழுக்கிறது. பின்னாலே ஒரு வயதான ஆசாமி. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டும், விசைகளை இழுத்துக்கொண்டும், ஒலிபெருக்கிக் குழாயில் கத்திக்கொண்டும் நிற்கிறார். தம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின்னும், திரைக்குப் பின்னால் இருப்பவனைக் கவனிக்காதீர்கள் என்று அந்தக் குழாயிலேயே கத்துகிறார்.

இதைச் செய்தது யார்? மூளை கேட்டவன் செய்யவில்லை. தைரியம் கேட்டவன் செய்யவில்லை. டாரதிகூடச் செய்யவில்லை. வரம் ஒன்றும் கேட்கவேண்டியிராத ஒரு நாய் செய்தது. அந்த மண்டபத்தில் பயப்படக் கற்றுக்கொள்ளாத உயிர் அது ஒன்றுதான். சிறுவயதில் இந்த இடத்தில் நாம் பெரிய தலை மறைந்துபோய்விட்டதே என்று வருத்தப்பட்டதாக ஞாபகம். இந்தத் தடவை எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது.

இங்கே புத்தகத்தில் உள்ள ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். சினிமாக்காரர்கள் அதை ஏன் விட்டுவிட்டார்களோ, விட்டது பெரிய நஷ்டம். பாம் எழுதிய புத்தகத்தில் மரகத நகரத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே பச்சைக் கண்ணாடி மாட்டிப் பின்னால் பூட்டிவிடுகிறார்கள். நகரத்தின் ஒளியில் கண் கெட்டுப்போகாமலிருக்க என்று காரணம் சொல்லுவார்கள். ராத்திரியும் பகலும் கழற்றக்கூடாது. கடைசியில் மந்திரவாதியே ஒப்புக்கொள்கிறான்: மற்ற ஊரைவிட இந்த ஊர் ஒன்றும் அதிகப் பச்சை இல்லை, ஜனங்கள் வெகுநாளாகக் கண்ணாடி போட்டுப் போட்டு மரகதம் என்றே நினைத்துக்கொண்டார்கள் என்கிறான். சாவி எப்பொழுதும் வாசல்காரனிடம்!

அப்புறம் மந்திரவாதி மூன்று பேருக்கும் பரிசு கொடுக்கிறார். வைக்கோல் பொம்மைக்கு ஒரு பட்டப் பத்திரம், சிங்கத்துக்கு ஒரு மெடல், தகரமனிதனுக்கு இதயம்போல் ஒரு கடிகாரம். பட்டம் கைக்கு வந்தவுடன் வைக்கோல் பொம்மை நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு ஒரு கணித சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறது. சூத்திரம் தப்பு! செங்கோண முக்கோணத்தின் பக்கங்களின் வர்க்கத்தைப் பற்றிப் பித்தாகோரஸ் பேரால் வழங்கும் சூத்திரத்தை, இருசமபக்க முக்கோணத்தின் வர்க்கமூலங்களுக்கு ஏற்றிச் சொல்கிறது. பட்டம் இல்லாதவரையில் சரியாக யோசித்த பொம்மை, பட்டம் வாங்கியவுடன் தப்பாக ஒப்பிக்கிறது. இது தெரிந்தே வைத்த கேலியோ, எழுதினவரின் கைப்பிசகோ, எப்படியாயினும் நமக்குத் திருப்தியே. இந்தக் கட்டத்துப் பேச்சை அமைத்ததில் பெரும்பங்கு பாட்டெழுதிய ஹார்பர்க்குடையது. நியூயார்க்கில் ஏழைக் குடியில் பிறந்து, 1929-ம் வருஷத்துப் பணநெருக்கடியில் வியாபாரம் நொடித்துப்போய்ப் பாட்டெழுத வந்தவர். வேலையில்லாதவர்கள் தெருவில் நிற்கும் நிலைமையைப் பற்றி 1932-ல் அவர் எழுதிய பாட்டு அமெரிக்கா முழுதும் பாடப்பட்டது. 1950-களில் பொதுவுடைமைக்காரர் என்று சந்தேகித்து ஹாலிவுட் கம்பெனிகள் அவரை வேலைக்குச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தன. அப்படிப்பட்டவர் பட்டத்தையும் மெடலையும் கேலி செய்தார் என்பதில் ஆச்சரியமில்லை. டாரதி வீட்டு முற்றத்தில் நின்று வானவில்லுக்கு அப்பாலுள்ள ஊரைப் பற்றிப் பாடும் பிரசித்தமான பாட்டும் அவருடையதே. முன்னோட்டம் பார்த்த கம்பெனி அதிகாரிகள் அது படத்தை இழுக்கிறது என்று வெட்டியெறிந்தார்கள். சிலர் மன்றாடித் திரும்பச் சேர்த்தார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் 1940-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி நமது ஆக்ஷேபணையைச் சொல்லுவோம்.

திரை விலகியதல்லவா? விலகியது யாருக்கு? நான்கு பேருக்கும் ஒரு நாய்க்கும். ஊருக்கு விலகவில்லை. இதை நாம் முன்பு கவனித்ததேயில்லை. மந்திரவாதி பலூனில் ஏறி ஊரைவிட்டுப் புறப்படும்போது மரகத நகரத்து ஜனங்கள் அவ்வளவு பேரும் கூடி நிற்கிறார்கள். அவர்களிடம் அவர், தமது சக மந்திரவாதிகளோடு அளவளாவப் போவதாகவும், தாம் வரும்வரையில் மகா அறிவாளியான வைக்கோல் பொம்மை ஆளுமென்றும் சொல்லிவிட்டுப் போகிறார். ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். உண்மை தெரிந்த நான்கு பேரும் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவராவது வாயைத் திறக்கவேண்டுமே! மெடல் வாங்கிய சிங்கமும் திறக்கவில்லை. காரணம் வெளிப்படை. பட்டமும் மெடலும் கையில் இருக்கிறது, பதவியும் வந்துவிட்டது, மந்திரவாதி புரட்டன் என்றால் அவன் கொடுத்த பட்டமும் புரட்டாகிவிடும். ஆகையால் மந்திரவாதி போனபின்னும் மந்திரவாதியின் ராஜ்யம் நடக்கிறது.

இப்படிப்பட்டவர்களை நமக்குத் தெரியாதா? நம்மிடம் தனியாக வந்து, நீங்கள் சொல்வதெல்லாம் வாஸ்தவம், எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை இல்லை என்று சொல்லுவார்கள். மறுநாள் கும்பாபிஷேகக் கமிட்டியில் முதல் பேராக நோட்டீஸில் இருப்பார்கள். ஊரையும் உறவையும் முன்னிட்டு என்பார்கள். முழு மூடனால் வந்த கெடுதியைவிட, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரையைச் சரியாக இழுத்துவிட்டு வந்த இந்தப் படித்த கனவான்களால் வந்த கெடுதியே அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

இரண்டாவது, முடிவு. கிளிண்டா என்ற நல்ல தேவதை கடைசியில் வந்து, உன் காலிலுள்ள செருப்பைத் தட்டினாலே ஊருக்குப் போய்விடலாம், இந்தச் சக்தி முதலிலிருந்தே உன்னிடம் இருந்தது என்கிறாள். ஏன் அப்பொழுதே சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாய், நீயாகவே கற்றுக்கொள்ளவேண்டும் என்று பதில். கேட்பதற்கு அழகாய்த்தான் இருக்கிறது. ஒரு சிறு பெண்ணைக் கொலைக்காரியின் கோட்டைவரைக்கும் நடக்கவைத்துவிட்டு, எல்லாம் உன் நன்மைக்கே, சோதித்தேன் என்பது எந்தத் தேவதை சொன்னாலும் தேவதைப் பேச்சுதான். டாரதி என்ன கற்றுக்கொண்டாள்? இனி என் ஆசைக்குரியதைத் தேடி வீட்டு முற்றத்தைத் தாண்டிப் போகமாட்டேன் என்று கற்றுக்கொண்டாளாம்! முற்றத்தைத் தாண்டினதால்தானே அவள் இரண்டு கொடுங்கோலர்களை ஒழித்தாள், ஒரு புரட்டனை வெளிப்படுத்தினாள்! பெண் பிள்ளைக்கு வீடே உலகம் என்று சொல்லி முடிக்க இவ்வளவு செலவில் ஒரு படமா? அதுவும் போதாதென்று, போனது வந்தது எல்லாம் தலையில் அடிபட்டுக் கண்ட கனவு என்று படம் சொல்லிவிடுகிறது. புத்தகத்தில் அது கனவில்லை. அவள் நிஜமாகவே போய் வருகிறாள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் நம் பக்கத்திலிருந்த எட்டு வயதுக்காரி கேட்டது ஒரே கேள்வி. "சரி, அந்த சைக்கிள்காரம்மா மறுபடி வந்து நாயைக் கேட்டா?" என்றாள். நாம் படத்தை மறுபடியும் கடைசியிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. சர்க்கார் உத்தரவு அப்படியே இருக்கிறது. நிலம் அப்படியே அவளிடம் இருக்கிறது. கனவில் சூனியக்காரி கரைந்தாள்; நினைவில் பணக்காரி கரையவில்லை. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள்.

நிற்க, மூன்றாவதாக ஒரு திரை உண்டு. அது கம்பெனியின் திரை. அதைப் படத்துக்குள் இருக்கும் நாய் இழுக்க முடியாது.

டாரதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்கு அப்பொழுது வயது 16. குழந்தையாகத் தெரியவேண்டுமென்று மார்பை இறுக்கிக் கட்டினார்கள். உடம்பு பெருக்கக்கூடாதென்று சாப்பாட்டை அளந்தார்கள். கம்பெனியில் வேலை செய்த காலத்தில் விழித்திருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று கொடுத்துப் பழக்கினார்கள் என்று அந்த அம்மையாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1969-ல் லண்டனில் தூக்க மாத்திரை அளவு மிஞ்சி இறந்தார். வயது 47. கதையின் தலைவிக்கு வாரம் 500 டாலர் சம்பளம். கூட ஆடிய வைக்கோல் பொம்மைக்கும் தகரமனிதனுக்கும் வாரம் 3,000 டாலர் வீதம். குள்ள மனிதர்களாக நடித்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். நாய்க்குக் கொடுத்ததைவிடத் தங்களுக்குக் கொடுத்தது குறைவு என்று அவர்களில் உயிரோடிருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள்.

தகரமனிதனாக முதலில் வேஷம் கட்டிய பட்டி எப்சன் என்பவர் முகத்தில் பூசிய அலுமினியத்தூளைச் சுவாசித்து மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் இடத்தில் ஜாக் ஹேலியை வைத்தார்கள். தூளைப் பசையாக மாற்றினார்கள். எப்சன் ஏன் போனார் என்பதை ஹேலிக்குச் சொல்லக்கூட இல்லை என்கிறார்கள். பாப்பிப் பூந்தோட்டத்தில் அழகழகாக உதிர்கிற பனி, கல்நார். அதாவது ஆஸ்பெஸ்டாஸ். சிறுவயதில் நாம் வாயைப் பிளந்து பார்த்த பனி அது! பச்சைச் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் நிஜத்தில் சிறுகுழந்தைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராயிருந்தவர். 1938 டிசம்பர் 23-ந் தேதி, நெருப்போடு மறைகிற காட்சியில், தரைக்கதவு வழியாக அவர் கீழே இறங்கிமுடியுமுன் நெருப்பு வந்துவிட்டது. முகமும் கையும் வெந்துபோயின. முகத்துப் பச்சை வர்ணத்தில் தாமிரம் கலந்திருந்தபடியால் அதை வெந்த தோலின் மேலேயே சாராயத்தால் தேய்த்து எடுக்கவேண்டியிருந்தது. ஆறு வாரம் வீட்டில் இருந்தார். கம்பெனிமேல் வழக்குப் போடவில்லை. போட்டால் இனி ஒரு கம்பெனியும் வேலை கொடுக்காது என்று தெரியும் என்றார். உடம்பு தேறி வேலைக்கு வந்தபோது, புகை கக்கும் துடைப்பத்தில் ஏறிப் பறக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அவருக்குப் பதிலாக ஏறிய பெண், துடைப்பத்துக் குழாய் வெடித்துக் காலில் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நெருப்பையும் புகையையும் காட்டிப் பயமுறுத்துகிறவன் புரட்டன் என்று படம் எடுத்த கம்பெனியின் நெருப்பும் புகையும் இப்படியிருந்தன.

அந்தச் செருப்பின் கதையையும் சொல்லிவிடுவோம். படத்துக்காகச் சில ஜோடிகள் செய்தார்கள். சிவப்புச் சமிக்கி தைத்த சாதாரணச் செருப்பு. அதில் ஒரு ஜோடியை அந்த நடிகை பிறந்த கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரின் காட்சிசாலையிலிருந்து 2005-ல் ஒருவன் திருடினான். உண்மையான மாணிக்கம் என்று நம்பியே திருடினானாம். விற்கப்போன இடத்தில் எல்லாம் கண்ணாடி என்று சொன்னவுடன், வேண்டாமென்று கைகழுவிவிட்டான். 2018-ல் போலீசார் மீட்டார்கள். 2024 டிசம்பரில் ஏலம் விட்டபோது, கண்ணாடி என்று நன்றாகத் தெரிந்தே ஒருவர் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு எடுத்தார். கமிஷனோடு சேர்த்து 3 கோடியே 25 லட்சம். பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து ராஜ்யம் நடத்திய கதையைக் கேலி செய்கிற நமக்கு, செருப்பு வியாபாரத்தில் அமெரிக்கர்கள் நம்மை மிஞ்சிவிட்டது கொஞ்சம் வெட்கமாய்த்தான் இருக்கிறது.

ஆகவே இப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்றால், தாராளமாகக் காட்டலாம். புராணப் படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புராணப் படம் பார்த்து வருகிற பிள்ளை, அது நடந்தது என்று நம்பவேண்டுமென்று பெரியவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நம்பாவிட்டால் கண் போகும் என்கிறார்கள். டாரதியின் கதை நடந்தது என்று நம்பச் சொல்லி ஒருவரும் உண்டியல் வைக்கவில்லை. பறக்கும் குரங்கால் பகுத்தறிவு கெடாது. பறக்கும் குரங்கைக் கும்பிடு என்றால்தான் கெடும். கற்பனையில் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போகட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை.

ஆனால் காட்டிவிட்டுச் சும்மா இருக்கவேண்டாம். பாதித் திரையை நாய் இழுத்துவிட்டது. மீதியைப் பெற்றோர் இழுக்கவேண்டியிருக்கிறது. ஊர் ஜனங்களிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று பிள்ளையைக் கேளுங்கள். பணக்காரி மறுபடி வந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். சூனியக்காரியாக வந்த அம்மாளுக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் வயது வந்த பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு, எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொன்னாலே போதும். பழுப்பு வீட்டின் கதவு திறந்து வர்ண உலகம் தெரிகிறதே, அதில் மந்திரம் ஒன்றுமில்லை. வீட்டின் உள்சுவரையே பழுப்பு வர்ணம் அடித்து, பழுப்பு உடுப்புப் போட்ட இன்னொரு பெண்ணைக் கொண்டு கதவைத் திறக்கவைத்து, முழுதும் வர்ணப் படச்சுருளிலேயே எடுத்தார்கள். அவள் ஒதுங்கியதும் நீல உடுப்புப் போட்ட டாரதி அந்த வழியே நடந்து போகிறாள். அந்தப் பயங்கரச் சுழற்காற்று, 35 அடி நீளத் துணிக்குழாய். மேலே கட்டிச் சுழற்றி, கீழே இழுத்துக்கொண்டுபோய், மண் தூளை ஊதிவிட்டார்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஒரு பழைய வேட்டியை முறுக்கி உத்தரத்தில் கட்டிச் சுற்றிவிட்டுக் காட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எட்டு வயதுக்காரி நம் கையிலிருந்து வேட்டியைப் பிடுங்கி, நாம் சுற்றியதைவிட நன்றாகச் சுற்றினாள்.